கொல்லைப்புறத்தில் ஒரு வீடு: சான் ஹோசேயில் ஏடியூ பெர்மிட் வாங்கும் முழு வழி

அம்மாவும் அப்பாவும் மன்னார்குடியிலிருந்து வந்தால் ஆறு மாதம் எங்களோடு தங்குவார்கள். எங்கள் வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். அப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போன வருஷம் கீழே ஹாலிலேயே கட்டில் போட்டோம். பேரப்பிள்ளைகள் டிவி பார்க்க முடியாமல் போய்விடுமே என்று, தூக்கம் வராமலேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கொல்லையில் அவர்களுக்கென்று ஒரு வீடு கட்டிவிடுவது என்று அப்போதுதான் முடிவெடுத்தோம்.

இங்கே அதற்கு ஏடியூ என்று பெயர். இருக்கிற வீட்டு மனையிலேயே தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனி வாசலோடு கட்டும் இரண்டாவது குடியிருப்பு. நாங்கள் கட்டி முடித்த பிறகு சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கத்து நண்பர்கள் பலர் போன் செய்து கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பயம்: "சிட்டி விடுவானா?" சிட்டி விடும். கலிபோர்னியா சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது. மாதங்கள் வீணாவது வேறு இடத்தில்: மனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பிளான் வரையத் தொடங்குவதில். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சட்டம் என்ன தருகிறது

2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டங்கள் ஏடியூ விஷயத்தில் நகராட்சிகளின் கையைக் கட்டிவிட்டன. விதிகளுக்குள் இருக்கும் மனுவுக்கு அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். பொது விசாரணை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபணைக்கு அங்கே இடமில்லை. முழுமையான மனு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். மறுத்தாலும் என்னென்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்ற முழுப் பட்டியலோடுதான் மறுக்க முடியும்.

பின் எல்லையிலிருந்தும் பக்க எல்லையிலிருந்தும் 4 அடி விட்டால் போதும். அந்த 4 அடியை விட்டு, 16 அடி உயரத்துக்குள், 800 சதுர அடி வரை கட்டும் வீட்டை, மனைப் பரப்பில் இவ்வளவு பங்குதான் கட்டலாம் என்ற விகித விதியைக் காட்டி எந்த நகரமும் தடுக்க முடியாது. பொதுப் போக்குவரத்துக்கு அரை மைல் நடைதூரத்தில் மனை இருந்தால் கார் நிறுத்தத் தனி இடம் கேட்க முடியாது. கராஜை இடித்தோ மாற்றியோ கட்டினாலும் அதற்கு ஈடான பார்க்கிங் கேட்க முடியாது. உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2023-ல் வந்த சட்டம் நிரந்தரமாக நீக்கிவிட்டது. வீட்டுச் சங்கம் இருக்கும் குடியிருப்புகளில் சங்கத்தின் விதி ஏடியூவை அடியோடு தடுத்தால் அந்த விதி செல்லாது.

வீட்டுக்குள்ளேயே, 500 சதுர அடிக்குள் ஓர் அறையைப் பிரித்து எடுப்பது ஜூனியர் ஏடியூ. அதன் விதிகள் வேறு. இங்கே நான் பேசுவது கொல்லையில் தனியாக நிற்கும் வீட்டைப் பற்றி மட்டும்.

முதல் படி: மண்ணுக்கு அடியில் பாருங்கள்

வீடு வாங்கியபோது டைட்டில் கம்பெனி (மனையின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் நிறுவனம்) கொடுத்த காகிதக் கட்டை எடுங்கள். அதில் டைட்டில் ரிப்போர்ட் இருக்கும். 'ஈஸ்மென்ட்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். மின்சாரம், தொலைபேசி, கழிவுநீர்க் குழாய் போவதற்காகப் பல மனைகளில் பின் எல்லையை ஒட்டி 5 அடியோ 10 அடியோ ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டையில் வீடு கட்ட முடியாது. சட்டம் சொல்லும் 4 அடி இந்த ஒதுக்கீட்டை மீறாது. இரண்டில் எது பெரியதோ அதுதான் உங்கள் எல்லை.

நாங்கள் இதில்தான் அடிபட்டோம். பிளான் போட்டவர் பின்வேலியிலிருந்து சரியாக 4 அடி விட்டு அழகாக வரைந்து கொடுத்தார். எங்கள் மனையின் பின்னால் 10 அடி ஈஸ்மென்ட் இருப்பதை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. வீடு 6 அடி முன்னே நகர்ந்தது, வாசல் திசை மாறியது, கழிவுநீர்க் குழாய்க் கணக்கு மாறியது. ஐந்து வாரம் போயிற்று. இரண்டாவது முறை வரைந்ததற்கும் பணம் கொடுத்தோம்.

வேலியை எல்லை என்று நம்பிவிடாதீர்கள். பழைய குடியிருப்புகளில் வேலி ஓர் அடி இப்படியும் அப்படியுமாக நிற்பது சகஜம். அஸ்திவாரத்துக்கு முன் இன்ஸ்பெக்டர் எல்லைக்கல்லையோ சர்வேயையோ கேட்டால் அப்போது ஓடக்கூடாது. 4 அடி, 5 அடி என்று நெருக்கமாகக் கட்டப் போகிறீர்கள் என்றால் உரிமம் உள்ள சர்வேயரை முதலிலேயே கூப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது கழிவுநீர்க் குழாய். கொல்லையிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய் தெருவை நோக்கிப் போகும் பழைய குழாயில் சேர வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் சரிவு தேவை. 80 அடி தூரம் என்றால் 20 அங்குலம் இறங்க வேண்டும். பழைய குழாய் மண்ணுக்குள் 18 அங்குல ஆழத்தில்தான் இருக்கிறது என்றால் அந்தக் கணக்கு நடக்காது. அப்புறம் தொட்டி வைத்துப் பம்ப் போட வேண்டும். அந்தப் பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும். ஒரு பிளம்பரை அழைத்துக் குழாய்க்குள் கேமரா விட்டு ஆழத்தையும் நிலையையும் பார்த்துவிட்டால் வீட்டை எங்கே வைப்பது என்பது பாதி முடிவாகிவிடும். பிளானுக்கு முன் செலவழிக்கும் பணத்தில் இதுதான் மிக நல்ல செலவு என்பது என் எண்ணம்.

மின்சாரப் பேனலைத் திறந்து பாருங்கள். பழைய வீடுகளில் 100 ஆம்ப் இருக்கும். பெரிய வீட்டுக்கும் சின்னதுக்கும் சேர்த்து, ஹீட் பம்ப், இண்டக்ஷன் அடுப்பு, கார் சார்ஜர் என்று கூட்டினால் பெரும்பாலும் 200 ஆம்ப்புக்குப் போக வேண்டிவரும். அதற்குப் பி.ஜி. அண்ட் இ-யிடம் தனி விண்ணப்பம். மின் நிறுவனத்தின் வரிசையை 60 நாள் விதி கட்டுப்படுத்தாது. பெர்மிட் கைக்கு வந்த பிறகு அங்கே போனால் வீடு கட்டி முடிந்தும் கரண்ட் இல்லாமல் நிற்கும். பிளான் ஓரளவு உறுதியான அன்றே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

மரங்களை மறக்க வேண்டாம். சான் ஹோசேயில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 38 அங்குலம் அல்லது அதற்கு மேல் சுற்றளவுள்ள தண்டு என்றால், சொந்தக் கொல்லை மரமானாலும் வெட்டத் தனி அனுமதி வேண்டும். ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் இன்று மாலையே அளந்துவிடலாம். வெள்ள அபாய வரைபடத்தில் மனை எந்தப் பகுதியில் வருகிறது, தீயணைப்புக் குழாய் தெருவிலிருந்து வீட்டின் கடைசிச் சுவர்வரை எட்டுமா என்ற இரண்டையும் இதே கட்டத்தில் நகராட்சியின் பெர்மிட் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறுகிய வாசலும் நீண்ட மனையும் உள்ளவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். எட்டவில்லை என்றால் பல நேரம் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு, வைப்பது மாற்று வழியாக இருக்கும். மற்றபடி, பெரிய வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் இல்லை என்றால் ஏடியூவுக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது.

இரண்டாம் படி: அளவு

சான் ஹோசேயில் 9,000 சதுர அடி வரையுள்ள மனையில் 1,000 சதுர அடி வரையிலும், அதைவிடப் பெரிய மனையில் 1,200 வரையிலும் தனி ஏடியூ கட்டலாம். ஆனால் நிறையப் பேர் 749-ல் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 750-க்குள் இருந்தால் வளர்ச்சிக் கட்டணம் எனப்படும் பூங்கா, போக்குவரத்து வகைக் கட்டணங்கள் கிடையாது. அதற்கு மேல் போனால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதாசாரமாக வாங்குவார்கள். இரண்டு பேர் தங்க, ஒரு படுக்கையறையோ இறுக்கிப் பிடித்தால் இரண்டோ வைக்க, 749 தாராளம்.

பள்ளிக் கட்டணம் வேறு கணக்கு. அது 500 சதுர அடியைத் தாண்டினால் வரும், பள்ளி மாவட்டத்திடம் நேரே கட்ட வேண்டும். 2024-ல் மாநிலம் வைத்த முதல்நிலை உச்சவரம்பு சதுர அடிக்கு 5.17 டாலர். தொடக்கப் பள்ளிக்கு ஒரு மாவட்டம், உயர்நிலைப் பள்ளிக்கு வேறு மாவட்டம் என்று இருக்கும் முகவரிகள் சான் ஹோசேயில் உண்டு. இரண்டு இடத்திலும் ரசீது வாங்க வேண்டியிருக்கும். ரசீது இல்லாமல் பெர்மிட்டைக் கையில் தரமாட்டார்கள்.

எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம். 4 அடியில் வைக்கச் சட்டம் விடுகிறது. ஆனால் ஸ்பிரிங்க்ளர் இல்லாத வீட்டின் சுவர் எல்லையிலிருந்து 5 அடிக்குள் வந்தால் அது ஒரு மணி நேரம் தீ தாங்கும் சுவராக இருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஜன்னல்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. வெளியே நீளும் கூரை விளிம்பின் அடிப்பக்கத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். மனையில் இடம் இருந்தால் அந்த ஓர் அடியை விட்டுக்கொடுத்து 5 அடியில் வையுங்கள். செலவும் குறையும், அம்மா கேட்ட பெரிய சமையலறை ஜன்னலும் கிடைக்கும்.

மூன்றாம் படி: பிளான்

இரண்டு வழிகள் இருக்கின்றன. 2025 ஜனவரி 1-க்குள் ஒவ்வொரு நகரமும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற ஏடியூ பிளான்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று மாநிலம் கட்டளையிட்டது. சான் ஹோசே அதற்குப் பல வருஷம் முன்பே அப்படி ஒரு பட்டியலை வைத்திருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்தால் வீட்டின் வரைபடத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதில்லை. மனை வரைபடம், அஸ்திவாரம் மண்ணுக்குப் பொருந்துகிறதா என்பது போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். முடிவு சொல்ல 30 நாள்தான் கெடு. செவ்வக மனை, சம தரை, மனதுக்குப் பிடித்த பிளான் என்று மூன்றும் அமைந்தால் யோசிக்காமல் இந்த வழியில் போங்கள்.

நாங்கள் சொந்தப் பிளான் வரைந்தோம். அப்பாவின் முழங்கால்தான் காரணம். வாசலில் படி கூடாது, குளிக்கும் இடத்தில் தடுப்பு மேடு கூடாது, கதவெல்லாம் அகலமாக வேண்டும், கட்டிலிலிருந்து கழிவறைக்கு ஆறு எட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. குளியலறைச் சுவருக்குள் கைப்பிடிக்கான மரக்கட்டை வைப்பது 2024 ஜூலையிலிருந்து புதிய வீடுகளுக்குக் கட்டாயம். கட்டும்போது கைப்பிடியையே மாட்டிவிடுங்கள், அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விடவேண்டாம்.

வாஸ்து பார்க்கும் குடும்பம் என்றால் அதை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மனு போட்ட பிறகு, ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பிளானைப் பார்த்து அடுப்பு தென்கிழக்கில் இல்லையே என்று சொன்னால், அடுப்போடு மின்வழி, காற்றுப்போக்கி, தண்ணீர் வழி எல்லாம் நகரும். அது ஒரு திருத்த மனு, இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. சமையலறையைப் பற்றி இன்னொன்று: நம் தாளிப்புக்கு வெளியே தள்ளும் ஹூட் வேண்டும், காற்றை உள்ளேயே சுற்றவிடும் வகை உதவாது. கிரைண்டர் வைக்கத் தனி பிளக்கோடு ஓர் இடத்தைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள்.

படுக்கையறை ஒவ்வொன்றிலும் தப்பிக்கும் ஜன்னல் வேண்டும். தரைத்தளத்தில் குறைந்தது 5 சதுர அடி திறப்பு, ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்குள். புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு படுக்கையறையிலும் அதற்கு வெளியிலும். இவை பிளான் போடுபவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

நான்காம் படி: மனு

மனு ஆன்லைனில்தான் போகிறது. அதில் இருக்க வேண்டியவை: மனை வரைபடம், தரைப் பிளான், நான்கு பக்கத் தோற்றம், வெட்டுத் தோற்றம், பொறியாளர் முத்திரையிட்ட கட்டமைப்பு வரைபடமும் கணக்கும், மின்சாரம், பிளம்பிங், ஹீட் பம்ப் விவரம், எரிசக்திக் கணக்கான டைட்டில் 24 அறிக்கை. சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் களிமண் பல இடங்களில் மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும். மண் அறிக்கை தேவையா என்று பொறியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். புதிய வீட்டில் சோலார் பலகை வைக்க வேண்டும் என்ற விதி புதிதாகக் கட்டும் தனி ஏடியூவுக்கும் பொருந்தும். சிறிய வீட்டுக்குக் கணக்குப்படி விலக்குக் கிடைக்கக்கூடும், அதை டைட்டில் 24 போடுபவர் சொல்லிவிடுவார். 2026 ஜனவரி 1-லிருந்து 2025-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் நடப்பில் இருப்பதால், நண்பரின் பழைய பிளானை வாங்கி அப்படியே போடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் மனை வரைபடம்தான் உயிர். எல்லைக் கோடு, ஈஸ்மென்ட், இருக்கும் வீடு, மரங்கள், கழிவுநீர்க் குழாய் வழி, தண்ணீர் மீட்டர், பேனல், புதிய வீட்டிலிருந்து ஒவ்வோர் எல்லைக்கும் உள்ள தூரம் என்று எல்லாம் எண்ணோடு இருக்க வேண்டும். திரும்பி வரும் மனுக்களில் பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான் ஓட்டை இருக்கும்.

ஐந்தாம் படி: திருத்தக் கடிதம்

முதல் சுற்றிலேயே அனுமதி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. கரெக்ஷன் லெட்டர் வரும். எங்களுக்கு 23 குறிப்புகள் வந்தன, அதைப் பார்த்து என் மனைவி இரவு சாப்பிடவில்லை. மறுநாள் ஒவ்வொன்றாகப் படித்தபோது 15-க்கு மேல் 'இந்தக் குறிப்பைத் தாளில் சேர்' என்ற வகை.

பதிலை இப்படி எழுதுங்கள்: அவர்களுடைய ஒவ்வொரு குறிப்பின் எண்ணையும் எழுதி, கீழே என்ன மாற்றினோம், எந்தத் தாளில் பார்க்கலாம் என்று ஒரு வரி. பிளானில் மாற்றிய இடத்தை மேகம்போல் சுற்றிக் காட்ட வேண்டும். எல்லாக் குறிப்புகளுக்கும் ஒரே தடவையில் பதில் போகட்டும். பாதியை இன்றும் பாதியை அடுத்த வாரமும் அனுப்பினால் சுற்றுதான் கூடும். பொறியாளர், டைட்டில் 24 போடுபவர், பிளான் போடுபவர் மூவரும் தனித்தனி ஆட்கள் என்பதால், ஒருவர் ஜன்னலை மாற்றினால் மற்ற இருவருக்கும் சொல்லும் வேலை உங்களுடையது. எங்கள் இரண்டாவது கடிதம் முழுக்க இந்தப் பொருந்தாமையால் வந்ததுதான்.

புரியாத குறிப்பு இருந்தால் கடிதத்தில் பெயர் உள்ள பரிசோதகரிடம் நேரே கேளுங்கள். மரியாதையாக, தாள் எண்ணோடு கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள்.

ஆறாம் படி: கான்ட்ராக்டர்

மாநில உரிமம் உண்டா, நடப்பில் இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று உரிம வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். ஏடியூ அளவு வேலைக்கு அது 1,000 டாலர்தான். "பொருள் வாங்க 30,000 முன்னால் கொடுங்கள்" என்று கேட்டவரை, நம் ஊர்க்காரர் ஆயிற்றே என்று நம்பிக் கொடுத்துவிட்டு அலைந்த குடும்பம் எனக்குத் தெரியும். முடித்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

சிமென்ட் கொடுத்தவர், மரம் கொடுத்தவர் என்று கடிதங்கள் வரத் தொடங்கும். பயப்பட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். கான்ட்ராக்டர் அவர்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டின்மேல் பாத்தியம் கோர அவர்களுக்கு உரிமை உண்டு என்ற முன்னறிவிப்பு அது. ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும் அவர்களிடமிருந்து உரிமைவிடுப்புக் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லுங்கள்.

பழைய யூடியூப் வீடியோக்களில் வரும் 40,000 டாலர் மாநில மானியத்தைக் கணக்கில் வைக்காதீர்கள். அந்தச் சுற்றின் நிதி 2023 இறுதியிலேயே தீர்ந்துவிட்டது.

ஏழாம் படி: இன்ஸ்பெக்ஷன்

பெர்மிட் கிடைத்ததிலிருந்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்க வேண்டும், நடுவில் நீண்ட நாள் கிடப்பில் போட்டாலும் காலாவதியாகும். வரிசை ஏறக்குறைய இப்படிப் போகும்: அஸ்திவாரக் குழியும் கம்பியும் எர்த்தும், தரைக்கு அடியில் போகும் குழாய்கள், கான்கிரீட் தளம், கூரைப் பலகையும் நில அதிர்வு தாங்கும் சுவர்ப் பலகையும், பிறகு சட்டகம், மின்சாரம், பிளம்பிங் ஒன்றாக, வெப்பக்காப்பு, ஜிப்சம் பலகை, கடைசியாக ஃபைனல். ஒன்றில் கையெழுத்து விழாமல் அடுத்ததை மூடக்கூடாது. மூடினால் உடைத்துக் காட்டச் சொல்வார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூடுவதற்கு முன் சுவர்களைப் படம் எடுத்து வையுங்கள். சுவருக்குள் நிற்கும் எந்த மரச்சட்டத்துக்கு (ஸ்டட்) பின்னால் எந்தக் குழாய் என்று பிற்பாடு அலமாரி மாட்டும்போது தேவைப்படும்.

ஃபைனல் முடிவதற்கு முன் பால் காய்ச்ச நாள் பார்க்காதீர்கள், விமான டிக்கெட்டும் போடாதீர்கள். எங்கள் ஃபைனல் ஒரு தடவை தவறியது, வெளி விளக்கு ஒன்றின் கட்டுப்பாடு பிளானில் சொன்னபடி இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் மறு தேதி பத்து நாள் கழித்துக் கிடைத்தது. கையெழுத்து விழுந்த பிறகுதான் அது சட்டப்படி குடியிருக்கும் வீடு. புதிய வீட்டுக்குத் தனி முகவரி எண்ணும் கிடைக்கும். அதைத் தபாலுக்கு மட்டும் என்று நினைக்காமல் வாசலில் பெரிதாக மாட்டுங்கள். ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் கொல்லையில் ஒரு வீடு இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சில மாதம் கழித்துக் கவுண்டியிலிருந்து கூடுதல் சொத்துவரி பில் வரும். பழைய வீட்டின் மதிப்பைத் தொடமாட்டார்கள், புதிதாகக் கட்டியதின் மதிப்பை மட்டும் சேர்ப்பார்கள். வழக்கமான ஆண்டு பில்லோடு வராமல் தனித் தபாலில் வருவதால் பலர் தவறவிடுகிறார்கள். வீட்டுக் கடனோடு வரி கட்டும் வங்கியும் பெரும்பாலும் இந்தத் தனி பில்லைக் கட்டாது, நீங்களேதான் கட்ட வேண்டும்.